வீட்டிலேயே ஸ்பிரிங், ஸ்ட்ரட் மாற்றி ஸ்விஃப்ட்டை இறக்கலாமா? சேலம் ரோடும் ஏற்காடு மலையும்

கேள்வி, 2 ஏப்ரல் 2023

அண்ணா, என்னிடம் 2014 ஸ்விஃப்ட் டீசல். வீடு அம்மாபேட்டை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கும் சந்து கண்ணை உறுத்துகிறது. தெரிந்த பட்டறையில் ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று வெட்டினால் போதும், அரை நாள் வேலை என்கிறார்கள். வெட்டினாலும் வண்டி இறங்கும், புது ஸ்பிரிங் போட்டாலும் இறங்கும். அப்புறம் எதற்குக் காசை வீணாக்குவது? நீங்கள் வீட்டிலேயே மாற்றியதாக எழுதியிருந்தீர்கள். அந்த வண்டியோடு ஏற்காடு ஏறினீர்களா?

2 ஏப்ரல், இரவு

வெட்டாதே தம்பி.

வண்டி இறங்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் காயில் ஸ்பிரிங்கின் விறைப்பு, அதில் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழாகப் போகும். ஐந்து சுற்று என்று வைத்துக்கொள். ஒன்றரையை எடுத்தால் மீதி மூன்றரை. ஸ்பிரிங் சுமார் 43 சதவீதம் கெட்டியாகிவிடும். உன் ஷாக் அப்சார்பரோ பழைய ஸ்பிரிங்கை அடக்குவதற்கென்று செய்தது. புது விறைப்பு திருப்பி உதைக்கும்போது அதனால் பிடித்து நிறுத்த முடியாது. ஓமலூர் ரோட்டில் ஒரு பாலத்து இணைப்பைத் தாண்டினால் வண்டி ஆடி அடங்க நேரமாகும்.

அடுத்தது, ஸ்பிரிங்தான் குட்டையானதே தவிர, ஸ்ட்ரட்டின் (முன்பக்கம் ஸ்பிரிங்கையும் தாங்கி நிற்கும் ஷாக் அப்சார்பர்) தண்டு அதே நீளம்தான். சக்கரம் முழுக்கக் கீழே தொங்கும்போது ஸ்பிரிங் தன் கிண்ணத்தில் அழுந்தி உட்காராமல் தளர்ந்து நிற்கும். கொண்டை ஊசி வளைவில் உள்பக்கச் சக்கரம் பாரம் விட்டுத் தொங்குகிற நேரத்தில்தான் இது நடக்கும். 'டங்' என்று ஒரு சத்தம் வரும். ஸ்பிரிங் நகர்ந்து மறுபடி உட்கார்ந்த சத்தம் அது. ஒவ்வொரு தடவையும் சரியான இடத்திலேயே உட்காரும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

கேஸ் கட்டரில் வெட்டுகிறார்கள் என்றால் பேசவே வேண்டாம். சூட்டில் பதம் ஏற்றிச் செய்த எஃகு அது. மறுபடி சிவக்கக் காய்ச்சினால் அந்த இடத்தில் பதம் போயிற்று.

ஏற்காடு கதை நீளம். தனியாக எழுதுகிறேன்.

3 ஏப்ரல்

என் வண்டி 2013 பெட்ரோல், விஎக்ஸ்ஐ, 165/80 ஆர்14 டயர். கம்பெனிக் கணக்கில் தரை இடைவெளி 170 மில்லிமீட்டர். 30 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங் நான்கு, அதற்கேற்ற குட்டைத் தண்டு ஸ்ட்ரட் முன்னால் இரண்டு, பின்னால் ஷாக் இரண்டு. இவ்வளவுதான் மாற்றினது.

நீ டீசல். முன்னால் இன்ஜின் கனம் கூட. பெட்ரோலுக்கென்று விற்கும் முன் ஸ்பிரிங்கை மாட்டினால் சொன்னதைவிட இன்னும் இறங்கும். பெட்டியில் எந்த இன்ஜின் என்று எழுதியிருக்கிறதா பார். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாங்க" என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடு.

3 ஏப்ரல், மறுபடியும்

வேலையைத் தொடங்கும் முன் நான்கு சக்கரத்திலும் உயரம் அளந்து எழுதி வை. தரையிலிருந்து அளக்காதே, டயர் காற்று கூடக் குறைய இருந்தால் கணக்கு கெடும். வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அள. அப்புறம் "இடது பக்கம் சாய்ந்திருக்கோ" என்று நடுராத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

6 ஏப்ரல்

முன் பக்கம் எப்படி என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எங்கள் வீடு கோரிமேடு பக்கம், வாசலில் சிமெண்டுத் தளம், கொஞ்சம் சரிவு. என் மச்சானும் நானும் காலையில் வெயில் ஏறும் முன் ஆரம்பித்தோம்.

பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கருங்கல். முன் பக்கம் ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்தோம். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம். பாரம் ஓரத்தில் விழுந்தால் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் பொடியாகிவிடும். வாசலில் கடப்பாக் கல் பதித்திருந்தால் ஸ்டாண்டின் காலுக்கடியில் பலகை வை, இல்லாவிட்டால் வழுக்கும்.

சக்கரத்தைக் கழற்றினதும் ஸ்ட்ரட் நேராகத் தெரியும். பிரேக் ஹோஸ் அதில் ஒரு கிளாம்பில் நிற்கும், ஏபிஎஸ் இருந்தால் அதன் ஒயரும் நிற்கும். முதலில் அவற்றை விடுவி. அடுத்து லிங்க் ராட் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சின்னத் தண்டு) நட்டு. பால் ஜாயிண்டோடு சேர்ந்து சுற்றினால் நடுவில் ஆலன் கீ விட்டுப் பிடித்துக்கொண்டு கழற்று. அடுத்து ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டு) பிடிக்கும் இரண்டு பெரிய போல்ட். இதைக் கழற்றும் முன் போல்ட் தலையையும் ஸ்ட்ரட்டின் காதையும் சேர்த்து வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு போடு. துளையில் இருக்கும் நூலளவு விளையாட்டுதான் கேம்பரை, அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணத்தைத் தீர்மானிக்கிறது. கோடு இருந்தால் ஏறக்குறைய பழைய இடத்துக்கே கொண்டு வரலாம்.

நக்கிள் வெளிப்பக்கம் சாய்ந்து விழாமல் ஒரு கயிற்றால் கட்டு. கட்டாவிட்டால் அதன் கனம் முழுக்க பிரேக் ஹோஸிலும் டிரைவ் ஷாஃப்ட்டிலும் தொங்கும். கடைசியாக பானட்டைத் திறந்து மேலே இருக்கும் மவுன்ட் நட்டுகள். ஒருவர் கீழே ஸ்ட்ரட்டைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் மேலே கழற்ற வேண்டும்.

மேலே நடுவில் ஒரு நட்டு தெரியும். அதைத் தொடாதே. அது ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருக்கும் நட்டு. ஏன் என்று அடுத்த குறிப்பில்.

6 ஏப்ரல், சாயங்காலம்

ஸ்பிரிங் கம்ப்ரஸர், அதாவது ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி.

வண்டி ஸ்டாண்டில் சரியாக உட்கார்ந்த பிறகு, இந்த வேலையில் ஆளைப் பெரிதாகக் காயப்படுத்தக்கூடிய கட்டம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் விரல் நசுங்குவது, முட்டி உரிவது. அமுங்கி நிற்கும் ஸ்பிரிங் விடுபட்டால் தாடை போகும், கண் போகும்.

நீளத் திருகும் கொக்கியும் உள்ள இரண்டு துண்டுகள். எதிரெதிரே, நேர் எதிரே மாட்ட வேண்டும். ஒரு பக்கம் நெருங்கிவிட்டால் ஸ்பிரிங் வில்லாக வளைந்து கொக்கியிலிருந்து நழுவப் பார்க்கும். திருகுக்கு கிரீஸ் தடவி, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாறி மாறி இறுக்கு. மேல் கிண்ணத்தைக் கையால் ஆட்டினால் லொடலொட என்று ஆடணும். அதுவரை நடு நட்டைத் தொடாதே. ஆடினால்தான் ஸ்பிரிங்கின் பாரம் கம்ப்ரஸருக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்ட்ரட்டின் முனை யாரையும் பார்த்து இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அது காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. மச்சான் பழைய சீட் பெல்ட் ஒன்றை ஸ்பிரிங்கின் குறுக்கே இறுக்கிக் கட்டினான். அதிகப் பயம் என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

மலிவு கம்ப்ரஸரில் கொக்கியின் வெல்டிங்கைப் பார்த்து வாங்கு. மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அது பழைய இரும்புதான். மனசு ஒப்பவில்லை என்றால் ஸ்ட்ரட்டை மட்டும் கழற்றி, புதுசையும் சேர்த்து பட்டறைக்கு எடுத்துப் போ. அங்கே சுவரில் பொருத்தின கம்ப்ரஸர் இருக்கும், கொஞ்ச நேரத்தில் மாற்றித் தந்துவிடுவார்கள். அதனால் "வீட்டில் செய்தேன்" என்று சொல்லும் உரிமை போய்விடாது.

7 ஏப்ரல்

மாட்டும்போது: ஸ்பிரிங்கின் நுனி கீழ்க் கிண்ணத்தில் இருக்கும் படியில் முட்டி உட்கார வேண்டும். ஸ்பிரிங்கில் எழுத்து இருந்தால் அது நேராகப் படிக்கும்படி நிற்கட்டும். டாப் மவுன்ட் ரப்பர், பேரிங், பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் கடைசியில் முட்டி நிற்கும் ரப்பர் கட்டை), தூசி உறை எல்லாவற்றையும் இந்தச் சாக்கில் புதுசாகப் போட்டுவிடு. பத்து வருஷ ரப்பரை மறுபடி மாட்டினால் அடுத்த மாதமே இன்னொரு தடவை பிரிக்க வேண்டி வரும். இறுக்கும் அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும், டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கியாவது அதைப் பின்பற்று. நடு நட்டுக்கு இம்பாக்ட் கன் போட்டு விளையாடாதே. தண்டு உள்ளே சுற்றி சீல் கெடும்.

9 ஏப்ரல்

பின்பக்கம் குழந்தை விளையாட்டு. ஸ்விஃப்ட்டுக்குப் பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்), ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. இரண்டு பக்கமும் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, பீமுக்குக் கீழே ஜாக்கியை வைத்து மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். கம்ப்ரஸர் வேண்டாம். பீம் இறங்கும்போது பிரேக் ஹோஸ் விறைத்து இழுக்கிறதா என்று மட்டும் குனிந்து பார்.

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, பீமை ஜாக்கியால் வண்டி நிற்கும் உயரத்துக்குத் தூக்கி வைத்துத்தான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்குகிற நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சீக்கிரம் கிழியும்.

10 ஏப்ரல்

"ஸ்டீல் பிளான்ட் ஊரில் இருந்துகொண்டு ஸ்பிரிங்கை வெளியூரிலிருந்து வரவழைக்கிறீர்களா" என்று ஒருவர். ஐயா, சேலம் உருக்காலையில் உருளுவது துருப்பிடிக்காத எஃகுத் தகடு. சாப்பாட்டுத் தட்டு வேண்டுமானால் சொல்லுங்கள். லாரிக்குப் போடும் பட்டை ஸ்பிரிங் என்றால் சங்ககிரி, நாமக்கல் பக்கம் எத்தனை பட்டறை வேண்டுமானாலும் உண்டு. கார் காயில் ஸ்பிரிங் வேறு சங்கதி.

16 ஏப்ரல்

சரி, ஏற்காடு.

ஸ்பிரிங் கொஞ்சம் ஓடி உட்காரட்டும் என்று விட்டு, அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்த பிறகுதான் மலை ஏறினேன். முதலில் மச்சானும் நானும் மட்டும். அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி 20 கொண்டை ஊசி. வண்டி ஸ்டியரிங்குக்கு உடனே பதில் சொல்கிறது, வளைவில் சாய்வு குறைவு, பிரேக் போட்டால் மூக்கு குத்துவதும் குறைவு. மேலே 1,500 மீட்டர் உயரத்துக் காற்று முகத்தில் பட்டதும் இரண்டு பேருக்கும் ஒரே பெருமை.

இங்கே ஒரு விஷயம். வண்டி தாழ்ந்ததால் சாய்வு குறைந்தது என்று நினைக்கத் தோன்றும். முன் ஸ்ட்ரட் உள்ள வண்டியில் அது பாதி உண்மைதான். இறக்கும்போது லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) கோணம் மாறுகிறது. வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் கனமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம், அதாவது வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல், நீளமாகிறது. என் வண்டி சாயாததற்குக் காரணம் ஸ்பிரிங் கெட்டி, ஷாக் கெட்டி. விறைப்பு கூட்டாமல் உயரத்தை மட்டும் குறைத்தால் சாய்வு கூடக்கூட வாய்ப்புண்டு. 60 மில்லிமீட்டர் இறக்கிவிட்டு "ரேஸ் கார் மாதிரி ஓடுது" என்பவர்கள் நேர் ரோட்டில் ஓட்டுகிறவர்கள்.

23 ஏப்ரல்

அடுத்த தடவை குடும்பத்தோடு. அம்மா, வீட்டுக்காரி, பிள்ளைகள், டிக்கியில் சாமான். இறங்கும்போது ஒரு வளைவில் பள்ளம். பின்னால் 'தொம்' என்றது. அம்மா, "என்னடா, கல்லு ஏத்திட்டியா?" என்றார்.

கல் இல்லை, பம்ப் ஸ்டாப். சஸ்பென்ஷன் மேலே போக வேண்டிய தூரம் தீர்ந்து, ரப்பர் கட்டையில் முட்டுகிற சத்தம். நேர் ரோட்டில் அது வெறும் இடி. வளைவில் வேறு: முட்டின நொடியில் அந்தச் சக்கரத்தின் விறைப்பு சட்டென்று பல மடங்காகும், டயர் பிடி விடப் பார்க்கும். மெதுவாகப் போனதால் ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து பின் ஷாக்கின் தூசி உறையை மேலே தள்ளி, தண்டில் ஒரு சின்ன கேபிள் டை கட்டினேன். வண்டி ஓடி வந்ததும் அது எங்கே தள்ளப்பட்டு நிற்கிறதோ, அவ்வளவு தூரம் ஷாக் அமுங்கியிருக்கிறது என்று பொருள். தனியாக ஆபீஸ் போய் வந்தால் நடுவிலேயே நின்றது. பின் சீட்டில் ஆள் ஏறினால் பம்ப் ஸ்டாப்பை ஒட்டிக்கொண்டு நின்றது. இந்த வேலை செய்கிற எல்லோரும் நாலு ரூபாய் கேபிள் டையை நம்புங்கள், பெட்டியில் அச்சடித்த மில்லிமீட்டரை அப்புறம் பார்க்கலாம்.

24 ஏப்ரல்

வேகத்தடையில் அடி தட்டுமா என்ற கேள்விக்கு ஒரு கணக்கு.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. ஸ்விஃப்ட்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,430 மில்லிமீட்டர். தடை அதைவிட அகலம் என்பதால் ஒரு கட்டத்தில் நான்கு சக்கரமும் தடையின் மேலேயே நிற்கும். அப்போது வண்டியின் வயிற்றை நோக்கி எழும்பி வருவது 43 மில்லிமீட்டர் மட்டும். 140 இருக்கிற வண்டிக்கு அது ஒன்றுமே இல்லை.

ஆனால் நம்மூர் தெருவில் அந்தத் தடை எங்கே இருக்கிறது? ஆளாளுக்கு மிச்ச ஜல்லியைக் கொட்டிக் கட்டினது ஒரு முழ அகலம், அரை அடி உயரம். முன் சக்கரம் தாண்டிவிட்ட பிறகு அது மொத்தமும் வயிற்றுக்குக் கீழே நிற்கும். 15 சென்டிமீட்டர் தடை, 14 சென்டிமீட்டர் வண்டி, கழித்துப் பார். குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுவதுதான் வழி. பின்னால் வருகிற டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும், அடிக்கட்டும்.

ஏற்காட்டில் எஸ்டேட் மண் பாதை இன்னொரு வகை. இரண்டு தடத்துக்கும் நடுவில் புல் மேடு, புல்லுக்குள் கல். அந்தப் பாதையில் உறவினர் வீடு இருக்கிறவர்கள் வண்டியை இறக்கும் யோசனையையே விட்டுவிடுங்கள்.

2 மே

அலைன்மென்ட் பற்றி. இறக்கினால் கேம்பர் உள்பக்கம் சாயும், டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். டயரை உள்பக்க ஓரத்தில் தின்பது பெரும்பாலும் டோதான், பழி மட்டும் கேம்பருக்கு. நான் போன கடை ஒன்றில் திரையில் சிவப்பு எண் இருக்கும்போதே "எல்லாம் ஓகே சார்" என்று பில் போட்டார்கள். சரிசெய்யும் முன் இருந்த அளவு, சரிசெய்த பிறகு வந்த அளவு இரண்டையும் அச்செடுத்துக் கேட்டு வாங்கு. பிறகு மாதம் ஒரு தரம் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து, டயரின் உள் ஓரத்தை விரலால் தடவிப் பார். ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த் திசையில் ரம்பம் என்றால் டோ சரியில்லை.

3 மே

ஹெட்லைட்டையும் பார். முன் பின் சமமாக இறங்காவிட்டால் வெளிச்சம் ஏறும் அல்லது இறங்கும். மலையில் எதிரே வருகிறவர் கண்ணில் அடித்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து.

19 மே

சட்டம் கேட்டவருக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவு. தயாரித்தவர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. "30 மில்லிமீட்டரை யார் ஸ்கேல் வைத்து அளக்கப் போகிறார்கள்" என்ற வாதம் ரோட்டில் செல்லும். விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் குனிந்து பார்க்கும்போது செல்லாது. இந்தப் பக்கம் தலைவைப்பவர் தெரிந்தே தலைவைக்க வேண்டும்.

11 ஜூன்

பின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டிவிட்டேன். புது ஷாக்கையும் கழற்றினேன். குட்டைத் தண்டு ஷாக்கோடு நீள ஸ்பிரிங் போட்டால் சக்கரம் கீழே இறங்க இடமிருக்காது. பள்ளத்தில் சக்கரம் ரோட்டை விட்டு அந்தரத்தில் தொங்கும்.

ஏப்ரலில் நான் எழுதினதைப் படித்தால் முன் பின் இரண்டும் 30 என்று சாதித்தது போல இருக்கும். தனியாக ஓட்டுகிற வண்டிக்கு இப்போதும் அதையேதான் சொல்வேன். ஐந்து பேர் ஏறுகிற வண்டிக்கு, பின் சஸ்பென்ஷனின் மேல் பயணத் தூரம்தான் சொத்து. அதில் 30 மில்லிமீட்டரை அழகுக்குக் கொடுத்துவிட்டால் மலையில் கையேந்த வேண்டியதுதான்.

பார்வைக்கு இப்போது மூக்கு தாழ்ந்து நிற்கிறது. மச்சான் வருத்தப்படுகிறான். அம்மா பின் சீட்டில் தூங்கிக்கொண்டே ஏற்காடு போய் வருகிறார். ஹெட்லைட்டை அதன் பின்னால் இருக்கும் திருகில் கொஞ்சம் ஏற்றிவிட்டேன்.

12 ஜூன்

"அப்படியானால் முன்னாலும் பழசையே மாட்டலாமே?" மாட்டலாம். மாட்ட மாட்டேன். முன்பக்கம் பாரம் பெரிய மாற்றமில்லாமல் இருக்கிறது, இன்ஜின் எங்கேயும் இறங்கிப் போவதில்லை. கேபிள் டை அங்கே பம்ப் ஸ்டாப் பக்கமே போகவில்லை. ஸ்டியரிங் எனக்குப் பிடித்திருக்கிறது. இதற்குமேல் நியாயம் கேட்காதீர்கள்.

30 ஜூலை

அம்மாபேட்டைத் தம்பி டீசலுக்கான கிட் வாங்கிவிட்டானாம், பழைய ஸ்பிரிங்கை எடைக்குப் போடலாமா என்று கேட்கிறான். போடாதே. இடது, வலது, முன், பின் என்று பெயின்ட்டில் எழுது. துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிப் பரணில் போடு. டாப் மவுன்ட் நட்டுகளையும் ஒரு டப்பாவில் போட்டு அதோடு வை. ஆடி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், கம்ப்ரஸர் என்னிடம் இருக்கிறது. ஜாக்கி ஸ்டாண்ட் மட்டும் நீ ஏற்பாடு பண்ணு, நாலும் வேண்டும்.